ஒண்ணுகூடத் தேறலை

அத்தியாயம் 17

போன வாரம் அண்ணியைத் திட்டி எழுதியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. ஒரு வாசகி, ரிமோட்டைப் பிடித்த அந்தக் கையை உடைக்க வேண்டும் என்றே எழுதியிருந்தார். கொஞ்சம் ஆற அமர உட்காருங்கள். இந்த வாரம் திட்டுவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. காது கேளாத பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் வேலை பார்க்கும் நம் டீச்சர், நான்கு வருஷமாகச் சைகை மொழிக்கு ஓர் அகராதி தயாரித்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல்லுக்கு ஒரு வீடியோ. சுவரில் நீலத் துணியை மாட்டி, அதன் முன்னால் நின்று, கையாலும் முகத்தாலும் சொல்லிக் காட்டுவாள். மொத்தம் இரண்டாயிரத்து நூற்று நாற்பது சொல். எல்லாம் ஒரு கறுப்பு ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. அதைக் கட்டிலுக்கு எதிரே இருக்கும் டிவியில் செருகி, படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவுக்குப் போட்டுக் காட்டுவாள். அம்மாவுக்குப் புரிந்தால்தான் அந்தச் சொல் பாஸ்.

ஒரு நாள் டீச்சர் பள்ளிக் கூட்டத்துக்குப் போயிருந்த நேரத்தில் அண்ணி துணைக்கு வந்தாள். மாமியார் கண்ணயர்ந்துவிட்டார், பாவம், சீரியலைத் தவறவிடுவாரே என்று நல்ல மனதோடு அதை டிவியிலேயே பதிவு செய்யப் பார்த்தாள். செருகியிருக்கும் டிஸ்க்கைப் பதிவுக்குத் தயார் செய்யவா என்று டிவி கேட்டது. சரி என்று அழுத்தினாள். தயார் செய்தால் உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும் என்று சின்ன எழுத்தில் போட்டிருந்ததாம். அண்ணியின் மூக்குக்கண்ணாடி அவள் வீட்டு மேஜை மேல் இருந்தது.

இன்னொரு பிரதி இல்லையா என்பீர்கள். இருந்தது. டீச்சரின் அண்ணனுக்குத் தொழிலே தொலைந்த டேட்டாவை மீட்டுத் தருவதுதான். கடைத்தெருவில் அவனுக்கு டாக்டர் என்று பெயர். எதையும் இரண்டு இடத்தில் வையுங்கள் என்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் உபதேசம் செய்கிறவன். அவனிடம் இருப்பதைவிடப் பத்திரம் வேறு எங்கே என்றுதான் டீச்சர் இரண்டாவது டிஸ்க்கை அவனிடம் கொடுத்து வைத்தாள். ஏதோ ஓர் அவசர வேலைக்கு வேறு டிஸ்க் கைக்குக் கிடைக்காமல் அவன் அதைத் துடைத்து எடுத்துக்கொண்டான். தங்கைதானே, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தான். ஒன்றரை வருஷம் இருந்தான்.

அழிந்துபோன கறுப்பு டிஸ்க்கும் இப்போது மீட்புக்காக அவனிடமே போயிருக்கிறது. இன்று வெள்ளிக்கிழமை. மாலை ஐந்து மணிக்குள் அந்த வீடியோக்கள் வேறு ஊரிலிருக்கும் சைகை மொழி நிலையத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் டீச்சர்தான் அங்கே அகராதிப் பிரிவுக்குத் தலைவி. சேராவிட்டால் அந்த நாற்காலி வேறு யாருக்கோ.

*

காலை ஆறு மணிக்கு டீச்சர் அம்மாவை இடப்பக்கம் புரட்டி முதுகைத் துடைத்தாள்.

பக்கவாதம் வந்து மூன்று வருஷம். வலது கையும் காலும் அம்மா சொல்வதைக் கேட்பதில்லை. வாய் மட்டும் முன்னைவிட நன்றாகவே வேலை செய்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். அதற்காகவே டீச்சர் பள்ளி இடைவேளை மணி அடித்ததும் செருப்பை மாட்டியும் மாட்டாமலும் வீட்டுக்கு ஓடி வருவாள். பள்ளி இருப்பது அடுத்த தெருவில். அவள் இல்லாத மற்ற நேரத்துக்கு எதிர்வீட்டு அம்மாள் ஒரு கை கொடுப்பாள். மூன்று வருஷத்தில் ஒரு புண் வந்ததில்லை. போன மாதம் வந்து பார்த்த நர்ஸ், இப்படி ஒரு முதுகை நான் பார்த்ததே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இதில் அண்ணன் பங்கு என்ன? ஞாயிற்றுக்கிழமை வருவான். கால்மாட்டில் உட்கார்ந்து, அம்மாவின் கட்டைவிரலை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையில் போன் பார்ப்பான். அரை மணியில் எழுந்து போவான். அம்மாவுக்கு அது போதும். எப்படி இளைச்சுட்டான் பாரு என்று திங்களும் செவ்வாயும் பேசுவதற்கு விஷயம் கிடைத்துவிடும்.

பவுடர் போட்டு, துணி மாற்றி, தலையணையைத் தூக்கி வைத்தபோது அம்மா கேட்டாள். அண்ணன் அதை மீட்டுக் கொடுத்துவிட்டால் நீ போய்விடுவாயா என்று.

"முதல்ல கிடைக்கட்டும்மா. கிடைச்சப்புறம் பேசிக்கலாம்."

"அப்போ நான்?"

"உனக்கென்ன, ராணி மாதிரி இருப்பே," என்று டீச்சர் சிரித்துக்கொண்டே அம்மாவின் கன்னத்தைத் தட்டிவிட்டு ஈரத் துணியோடு குளியலறைக்குப் போனாள்.

அவளுக்கு அது விளையாட்டுப் பேச்சு. படுக்கையில் கிடப்பவளுக்கு எதுவும் விளையாட்டில்லை. ராணி மாதிரி யார் வைத்துக்கொள்வார்கள், எங்கே வைத்துக்கொள்வார்கள் என்று அம்மா காலை முழுவதும் சுவரைப் பார்த்துக்கொண்டு யோசித்தாள். ஒரு சொல்லைக் கேட்டு விளக்கம் வாங்கிக்கொண்டிருக்கலாம். கேட்கவில்லை. மகள் போகத் தயாராகிவிட்டாள் என்று தானே முடிவு கட்டிக்கொண்டாள்.

*

டாக்டரின் கடை, சாவி செய்கிறவர் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ரயில் பெட்டி மாதிரி நீளமாக இருக்கும். மேஜை மேல் ரப்பர் விரிப்பு, பூதக்கண்ணாடி, குட்டித் திருப்புளிகள். சுவர் அலமாரியில் வரிசையாக டிஸ்க்குகள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு துண்டுச் சீட்டு.

பதினொரு மணிக்கு ஒரு போட்டோகிராபர் பேயறைந்த முகத்தோடு வந்தார். மூவாயிரம் படம் அழிந்துவிட்டதாம். இணையத்தில் எதையோ பார்த்து, மீட்கிற மென்பொருளை அதே டிஸ்க்கில் இறக்கி, மீண்டுவந்த படங்களையும் அதே டிஸ்க்கில் சேமித்திருக்கிறார். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டான். அதன்பின் கால் மணி நேரம் அவருக்குப் பாடம் நடந்தது.

"தொலைஞ்சவுடனே செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதாங்க. கையை எடுத்துடணும். வயரைப் பிடுங்கிட்டு நேரா என்கிட்ட வந்துடணும்."

அழித்துவிட்டேன் என்று மெஷின் சொல்வதில் பாதி பொய், என்றான். அது பொருளடக்கத்தைத்தான் கிழித்துப் போடுகிறது. உள்ளே பக்கங்கள் அப்படியே இருக்கும். மேலே புதிதாக எழுதினால்தான் பழையது போகும். நீங்கள் எழுதித் தள்ளியிருக்கிறீர்களே என்று கடிந்துகொண்டான். கரகரவென்று சத்தம் வந்தால் மறுபடி மறுபடி போட்டுப் பார்க்கக் கூடாது, வீட்டில் பிரித்துப் பார்க்கக் கூடாது, பிரிட்ஜில் வைக்கவே கூடாது என்று அடுக்கினான். பிரிட்ஜில் வைத்தீர்களா என்றும் கேட்டான். போட்டோகிராபர் கூரையைப் பார்த்தார்.

நம் டாக்டர் தொழிலில் கெட்டிக்காரன். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. தங்கையின் டிஸ்க்கையும் அவன் அப்படித்தான் கையாண்டான். அதன்மேல் ஓர் எழுத்துகூட எழுதாமல், கிடைக்கிறதையெல்லாம் வேறொரு டிஸ்க்கில் கொட்டும்படி நேற்று முன்தினம் ஓட விட்டான். இரண்டு ராத்திரி கடையிலேயே படுத்தான். நடுநடுவே எழுந்து திரையைப் பார்த்தான். அந்த அக்கறை பொய்யில்லை என்பதையும் எழுதி வைத்துவிடுகிறேன்.

பன்னிரண்டே முக்காலுக்கு ஓட்டம் முடிந்தது. இரண்டாயிரத்து நூற்றுப் பதினான்கு வீடியோ வந்திருந்தது. டிவி பதிவு செய்திருந்த இருபத்திரண்டு நிமிஷ சீரியல், இருபத்தாறு சொல்லை மட்டும் தின்றிருந்தது. பெயர்கள் போய் வெறும் எண்களாக நின்றன. அதனால் என்ன, பார்த்தவுடன் சொல்ல டீச்சருக்குத் தெரியாதா.

நடுவிலிருந்து ஒன்றைத் திறந்தான். நீலத் துணிக்கு முன்னால் தங்கை நின்றாள். இரண்டு கையையும் நெஞ்சுக்கு அருகில் கொண்டுபோய் விரித்தாள். என்ன சொல்கிறாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. முதலில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று திறந்தான். முதலாவதில் முடி கன்னங்கரேலென்று இருந்தது. கடைசியில் காதோரம் வெளுத்திருந்தது. வாரா வாரம் பார்க்கிறவன்தான், ஆனால் அவன் இதைக் கவனித்தது இன்றைக்குத்தான்.

அவனுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். உடனே தங்கைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று போனை எடுத்தான். எடுத்த கையிலேயே அது அடித்தது. அம்மா.

*

அதற்கு அரை மணி முன்னால்தான் டீச்சர் வீட்டுக்கு ஓடி வந்து, அம்மாவைப் புரட்டி, ஊட்டிவிட்டு, வாய் துடைத்துவிட்டுத் திரும்ப ஓடியிருந்தாள். அண்ணன் கை பட்டால் எடுத்துவிடுவான் அம்மா, நீ பார்த்துக்கொண்டே இரு என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த நம்பிக்கைதான் அம்மாவின் இடது கையைப் போனை நோக்கி நகர்த்தியது.

"கிடைச்சுதா கண்ணு?"

"கிடைச்சுடுச்சும்மா. இருபத்தாறுதான் போச்சு. இப்பதான் அவளுக்குப் போன் போட எடுத்தேன்."



"போடாதே," என்றாள் அம்மா.

அவனுக்கு முதலில் புரியவில்லை. என்னம்மா என்றான். அம்மா குரலை உயர்த்தவில்லை. அவள் போய்விட்டால் நான் உன் வீட்டுக்குத்தான் வந்தாக வேண்டும், வேறு போக்கிடம் எனக்கு இல்லை என்றாள்.

"உன் பொண்டாட்டி என் துணியை மாத்துவாளா? சொல்லு. நீ மாத்துவியா?"

வாம்மா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு மகன் சொல்லக்கூடிய இடம் அது. அம்மாவும் அதற்காகத்தான் காத்திருந்தாள் என்று நான் நினைக்கிறேன். பொய்யாகவாவது சொல்லியிருந்தால் அவள் அடுத்த வார்த்தையைப் பேசியிருக்க மாட்டாள். அவன் ரப்பர் விரிப்பின் ஓரத்தை நகத்தால் கீறிக்கொண்டிருந்தான்.

"தெரியும்," என்றாள் அம்மா. "ஏதாவது இல்லத்துல கொண்டு போய்ப் போடுவே. மாசம் ஒரு தடவை வந்து பாப்பே."

"நாலு வருஷ உழைப்பும்மா அது."

"மூணு வருஷமா நான் இந்தச் சுவரைப் பாத்துக்கிட்டுக் கிடக்கேன். அது என்ன சுகமா? அவளுக்குக் கை கால் இருக்கு, திரும்பப் பண்ணிக்கட்டும். எனக்கு அவளை விட்டா யாரு? அஞ்சு மணி தாண்டினதும் எல்லாத்தையும் அழிச்சுடு. வச்சிருந்தா உன் மனசு மாறிடும். உன்னை எனக்குத் தெரியாதா."

போன் வைக்கப்பட்டது. பெற்ற மகளின் தலையில் கல்லைப் போட ஒரு தாய்க்கு நாலு நிமிஷம் போதுமாயிருந்தது. டாக்டருக்கோ, அம்மாவே சொல்லிவிட்டாளே என்று ஒதுங்கிக்கொள்ள நாலு நொடிகூட வேண்டியிருக்கவில்லை. நாற்பத்திரண்டு வயது ஆண்பிள்ளைக்கு அம்மாவின் பேச்சு எவ்வளவு சௌகரியமாக இருக்கிறது பாருங்கள்.

*

ஒன்றேகாலுக்கு அண்ணி சாப்பாட்டு டப்பாவோடு வந்தாள். திரை முழுக்க நீலநீலமாகச் சின்னப் படங்கள். எல்லாவற்றிலும் நாத்தனாரின் முகம்.

ஒரு வாரமாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. டீச்சர் ஒரு சொல்கூடக் கடிந்துகொள்ளாதது இன்னும் அறுத்தது. டப்பாவைக் கீழே வைத்துவிட்டு வாடிக்கையாளர் ஸ்டூலில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, நானே அவளுக்குச் சொல்கிறேன் என்று போனை எடுத்தாள்.

டாக்டர் அவள் கையிலிருந்து போனை வாங்கி மேஜை மேல் கவிழ்த்து வைத்தான். அம்மா சொன்னதைச் சொன்னான். அவள் நம்பவில்லை. மறுபடி சொன்னான். அவள் முகம் சிவந்தது.

"ஏங்க, ஒரு வாரமா நான் கொலைகாரி மாதிரி நடமாடிக்கிட்டிருக்கேன். சாகிற வரைக்கும் இது என் தலையிலேயே இருக்கட்டுங்கிறீங்களா?"

அவன் சண்டை போடவில்லை. குரலைத் தாழ்த்தி ஒன்றே ஒன்று கேட்டான்.

"அவ போயிட்டா, காலையில ஆறு மணிக்கு அம்மா முதுகை யாரு துடைக்கிறது? நீயா?"

அண்ணி அவனைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். கடைசியில் தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். நீங்க துடைங்களேன் என்று அவள் திருப்பிக் கேட்டிருக்கலாம். அந்தக் கேள்வி அந்தக் குடும்பத்தில் யார் வாயிலும் வந்ததில்லை. எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். டப்பாவைக் கழுவி எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள். படி இறங்கிப் போய்விட்டாள். இப்போது அண்ணியைத் திட்டுவதானால் திட்டுங்கள், நான் தடுக்க மாட்டேன்.

*

டாக்டர் போன் செய்வான் செய்வான் என்று பார்த்துவிட்டு, இரண்டேகாலுக்கு டீச்சர் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு கடைக்கே வந்துவிட்டாள். எல்லாவற்றையும் அனுப்பி முடிக்க இரண்டு மணி நேரமாவது பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அவன் அதற்குள் ஏற்பாட்டோடு இருந்தான். அலமாரியில் மூன்று மாதமாகக் கிடந்த, யாரோ ஒருவர் கொடுத்த, தண்ணீரில் மூழ்கிச் செத்துப்போன டிஸ்க்கைத் திரையில் திறந்து வைத்திருந்தான். பக்கம் பக்கமாகச் சாம்பல் நிறச் சதுரங்கள். ஒன்றிலும் படம் இல்லை. பிணத்தை மாற்றிக் காட்டுவது என்பார்களே, அதைத்தான் செய்தான்.

டீச்சர் குனிந்து திரையைப் பார்த்தாள். விரலால் ஒவ்வொரு வரிசையாகத் தொட்டுக்கொண்டே போனாள்.

"என் முகம் ஒண்ணுலகூடத் தெரியலையே அண்ணா."

"தெரியாது பாப்பா. டிவி நல்லாத் துடைச்சிருக்கு."

கவனித்தீர்களா, பழியை அப்படியே பெண்டாட்டி பக்கம் தள்ளிவிட்டான்.

இதைவிடப் பெரிய மெஷின் வைத்திருப்பவர்கள் யாராவது இருப்பார்களா என்று டீச்சர் கேட்டாள். நேற்றே பேசிவிட்டேன், அவர்களும் கையை விரித்துவிட்டார்கள் என்றான். அவள் தலையாட்டினாள். அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். பிறகு நிலையத்துக்கு அங்கிருந்தே போன் போட்டாள். அண்ணனும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தாள்.

எதிர்முனையில் ஓர் அதிகாரி அம்மாள். நிதானமான குரல். முழுவதையும் கேட்டுக்கொண்டார். உங்கள் வேலையின் மாதிரியைப் பார்த்தே எல்லோரும் ஒப்புக்கொண்டாயிற்று, நீங்கள்தான் வர வேண்டும் என்று நான் மேலே சொல்லி வைத்திருக்கிறேன் என்றார். ஆனால் வெறுங்கையோடு என்னால் எதுவும் செய்ய முடியாதே என்றும் சொன்னார். கொஞ்ச நேரம் ஏதோ காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"ஒண்ணு பண்ணுங்க. ஐநூறு சொல் இருந்தாக்கூட இன்னைக்கு அனுப்பிடுங்க. மிச்சத்துக்கு ஆறு மாசம் நான் வாங்கித் தரேன்."

டீச்சர் அண்ணன் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தால் கல்லுக்கும் மனசு இளகும்.

"ஐநூறாவது தேறுமா அண்ணா? ஐநூறு வேணாம். முன்னூறு இருந்தாலும் நான் பேசிப் பாக்கிறேன்."

அவன் முழங்காலுக்குக் கீழே, மேஜை இழுப்பறையில், இரண்டாயிரத்து நூற்றுப் பதினான்கும் இருந்த டிஸ்க் இன்னும் சூடு ஆறாமல் கிடந்தது.

"ஒண்ணுகூடத் தேறலை," என்றான்.

அவள் போன் பக்கம் குனிந்து, இல்லை என்று சொன்னாள். இவ்வளவு தூரம் பேசியதற்கு நன்றி என்று சொன்னாள். அதிகாரி அம்மாள், ஐந்து மணி வரைக்கும் நான் இங்கேதான் இருப்பேன், அதற்குள் கிடைத்துவிட்டது என்று கூப்பிட்டுச் சொன்னால் போதும், அனுப்பி முடிக்கும்வரை காத்திருக்கிறேன் என்றார். டீச்சர் அதற்கும் நன்றி சொன்னாள்.

அழுவாள் என்று அவன் பயந்துகொண்டிருந்தான். அவள் அழவில்லை. அவன் கண்ணுக்குக் கீழே கறுத்திருப்பதைப் பார்த்தாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அவன் சாப்பிட்டானா என்று பார்த்தாள். சாப்பாடு அப்படியே இருந்தது.

"எனக்காக ரெண்டு நாளா கண்ணை மூடல நீ. போனை அணைச்சுட்டு ஷட்டரை இறக்கிட்டு ஒரு தூக்கம் தூங்கு. யார் கூப்பிட்டாலும் எடுக்காதே."

சொன்னதோடு விடாமல், அவளே அவன் போனை எடுத்து அணைத்துக் கையில் கொடுத்தாள். தோளில் தட்டிவிட்டுப் பள்ளிக்குத் திரும்பிப் போனாள். கடைசி வகுப்பு அவளுடையது.

*

நாலரை மணி. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. டாக்டர் தூங்கவில்லை.

இரண்டு டிஸ்க்குகளையும் மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தான். கறுப்பு டிஸ்க் ஒன்று, அதிலிருந்து மீட்டதைக் கொட்டிய டிஸ்க் ஒன்று. இரண்டையும் துடைத்துவிட்டு மேலே வேறு எதையாவது நிரப்பிவிட்டால், அவனைப்போல் இன்னும் பத்து டாக்டர் வந்தாலும் எடுக்க முடியாது. எப்படி எடுப்பது என்று தெரிந்தவனுக்கு எப்படி எடுக்க முடியாமல் செய்வது என்றும் தெரியும். திரையில் கட்டளை தயாராக இருந்தது. ஐந்து மணி ஆகட்டும் என்று அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏன் ஐந்து வரைக்கும் காத்திருந்தான் என்று என்னைக் கேட்காதீர்கள். அம்மா சொன்ன நேரம் அது என்பதால் இருக்கலாம். யாராவது வந்து தடுக்கட்டும் என்று நினைத்தானோ என்னவோ. தடுக்க வேண்டியவளோ அவனைத் தூங்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

*

டீச்சர் வீடு வந்து சேர்ந்தபோது மணி நாலு முப்பத்தைந்து. மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. படி ஏறி வந்து பையை ஆணியில் மாட்டினாள். கை கழுவினாள். அம்மாவை வலப்பக்கம் புரட்டினாள். இதெல்லாம் முடிந்த பிறகுதான் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"போயிடுச்சும்மா," என்றாள். அப்போதுதான் அழுகை வந்தது.

அம்மா இடது கையால் அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். அழாதே பாப்பா, உனக்கு நான் இருக்கேன், எனக்கு நீ இருக்கே என்றாள். எல்லாம் நல்லதுக்குத்தான் என்றும் சொன்னாள். குரல் தழுதழுத்தது. நாள் முழுக்க வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு கிடந்தவளுக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. அது நிம்மதி என்று தெரியாத டீச்சர், அம்மாவும் தனக்காக அழுகிறாள் என்று நினைத்து, அந்தக் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"எனக்காக அழலைம்மா நான்," என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "அந்த வீடு போச்சேன்னுதான் அழுகையா வருது."

எந்த வீடு என்று அம்மா கேட்டாள்.

டீச்சர் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். தரைத்தளம். வாசலில் படிக்குப் பதிலாகச் சரிவு. சக்கர நாற்காலி நுழைகிற அகலத்தில் கதவு, குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி. ஜன்னலுக்கு வெளியே ஒரு தெரு, தெருவில் சைக்கிளில் போகிற யாரோ ஒருவர். நிலையத்துக்கு அடுத்த வாசல்தானாம். அம்மாவோடு தங்க இப்படி ஒரு வீடு கொடுத்தால்தான் வருவேன் என்று டீச்சர் முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாளாம். பகலில் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸையும் அவர்களே வைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார்களாம்.

"கிடைக்காமப் போச்சுன்னா நீ ஏமாந்துடுவேன்னுதான் சொல்லலை. மூணு வருஷமா நீ இந்த மாடியை விட்டு இறங்கலையேம்மா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனதைத் தவிர. சாயங்காலம் ஆனா உன்னை வாசலுக்குத் தள்ளிட்டுப் போய் உட்கார வச்சுடலாம்னு இருந்தேன்."

அம்மா படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திரை தானாக அணைந்தது. டீச்சர் மறுபடி ஒளிரவிட்டுக் காட்டினாள். அப்புறம் போனைப் பையில் போட்டுவிட்டு, வெந்நீர் வைக்கிறேன் என்று அடுப்படிக்குப் போனாள்.

சுவரில் மணி நாலு ஐம்பது.

அம்மா தலையணைக்கு அடியிலிருந்து தன் போனை இடது கையால் இழுத்தாள். மகனின் எண்ணை அழுத்தினாள். போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் குரல் சொன்னது. மறுபடி அழுத்தினாள். அதே குரல். மூன்றாவது தடவை போன் கைநழுவிக் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்தது.

அண்ணியைக் கூப்பிடலாம் என்றால் போன் இல்லை. எழுந்து போகலாம் என்றால் கால் இல்லை. ஓடக்கூடிய கால் அந்த வீட்டில் ஒரே ஒருத்திக்குத்தான் இருந்தது. அடுத்த தெரு தாண்டினால் கடைத்தெரு. இடைவேளை மணிக்கு ஓடி வருகிறவளுக்கு அது ஐந்து நிமிஷம்கூட ஆகாது. அண்ணன் கடைக்கு ஓடு, உன்னுடையதெல்லாம் அங்கே இருக்கிறது என்று சொன்னால் போதும். சொன்னால் அவள் ஏன் என்று கேட்பாள். யார் மறைக்கச் சொன்னது என்று கேட்பாள்.

"பாப்பா," என்று கூப்பிட்டாள்.

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். குனிந்து, கீழே கிடந்த போனைத் துழாவி எடுத்து, தலையணை பக்கத்தில் வைத்தாள். அம்மாவின் நெற்றியில் வியர்த்திருப்பதைப் பார்த்துத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னம்மா? ஏதோ சொல்லணும்னு கூப்பிட்டியே."

அம்மா மகளின் முகத்தைப் பார்த்தாள். அழுது வீங்கிய கண், காதோரத்து நரை. நாளைக் காலை ஆறு மணிக்கு வரப்போகிற முகம் அது ஒன்றுதான். மணி நாலு ஐம்பத்தைந்து.

"தண்ணி," என்றாள் அம்மா.

டீச்சர் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். புரையேறிவிடக் கூடாது என்று ஒவ்வொரு வாய்க்கும் நிறுத்தி நிறுத்திக் கொடுத்தாள். ஒரு டம்ளர் முடிய ஐந்து நிமிஷம் ஆயிற்று.